ரிஷிசாமியை வலம் வந்த தோழர்

காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார் கெல்சாங்.

மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரு மதகைத் தாண்டி எங்கள் வாடகைக் கார் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா முற்றி, கதிர் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஆளில்லை. எதிரே ஒரு மூங்கில் கழி. அதன் உச்சியில் செங்கொடி. இரவுப் பனியில் நனைந்த துணி இன்னும் முழுக்க உலராமல் சோம்பலாக அசைந்தது.

“அந்தக் கொடிக்குக் கீழே என்னால் நடக்க முடியாது, காதர். அதற்குப் பயந்துதான் மலையைத் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தேன்.” இந்தியில்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. வயிற்றுவலி என்று சொல்பவரைப் போல் சொன்னார்.

கெல்சாங் திபெத்தியத் துறவி. என் வயதுக்காரர். கர்நாடகத்தில் அகதிகளுக்குக் கொடுத்த காட்டு நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டுக்கொண்டு, மடத்தில் பாடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தம்தின். மங்கோலியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஐம்பதை நெருங்கியவர். டெல்லியில் ஒரு மாநாட்டுக்கு வந்தவரை நான் தெற்கே அழைத்து வந்திருந்தேன். அவர் கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எங்கள் ஊரில் இது இல்லாத கட்டடமே கிடையாது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கதவைத் திறந்து இறங்கினார்.

வாப்பாவின் கேள்வி

இந்தத் தொடரை நடுவில் படிக்கத் தொடங்கியவர்கள், முத்துப்பேட்டைக்காரனுக்கும் திபெத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். எங்கள் வாப்பாவும் அதைத்தான் கேட்டார்.

அவருக்குக் கடைத்தெருவில் கயிறும் மீன்வலையும் விற்கும் கடை. நான் வரலாறு படிக்க வடக்கே போனேன். போன இடத்தில் உதவித்தொகை மிச்சமிருந்தது திபெத்திய மொழிக்கு மட்டும். சேர்ந்துவிட்டேன். விடுமுறைக்கு வந்தபோது வாப்பா கேட்டார்: “அந்த பாஷையில யாருகிட்ட யாவாரம் பண்ணப் போற?”

அதற்குள் எனக்குப் படிப்பு பிடித்துப்போயிற்று.

மங்கோலியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு திபெத்திலிருந்து பௌத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். மதத்தோடு மருத்துவம், பஞ்சாங்கம், ஓவியம், பிள்ளைக்கு வைக்கும் பெயர் எல்லாம் போயிற்று. மேய்ச்சல் நிலத்தில் பிறந்த குழந்தைக்குத் துறவி வந்து திபெத்தியப் பெயர் வைப்பார். மடத்தில் ஓதுவது திபெத்திய மொழியில். ஓதுகிறவருக்கு அந்த மொழியில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

வகுப்பில் மற்றவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. எனக்கு இல்லை. என் பெயர் அரபு. தொழுகையில் நான் ஓதுவது அரபு. அரபியில் எனக்கும் தண்ணீர் கேட்கத் தெரியாது. பனியும் குதிரையும் உள்ள அந்தத் தூர தேசத்துக்காரர்களை எனக்குச் சட்டென்று புரிந்ததற்கு இது ஒன்றே காரணம்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. சோழநாட்டு வயல்களில் கிடக்கும் புத்தர் சிலைகளைப் பற்றி ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் தம்தின் டெல்லியிலிருந்து என்னோடு வந்தார். திபெத்தியம் சரளமாகப் பேச ஓர் ஆள் இருக்கட்டும் என்று கெல்சாங்கையும் கூப்பிட்டேன்.

உப்புப் போட்ட டீ

முதல் நாள் இருவரையும் முத்துப்பேட்டைக்கு அழைத்துப் போயிருந்தேன். பௌத்தர்கள் என்றால் உயிரைக் கொல்லாதவர்கள் என்று எங்கள் உம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கத்தரிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், பால் பாயசம் என்று வைத்திருந்தார்.

இருவரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். மூக்கு மட்டும் அடுத்த வீட்டுப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.

“இவங்க ஊர்ல காய்கறி வெளையாதும்மா. கறிதான் சாப்பாடு” என்று நான் சொன்னதும் உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதை நேத்தே சொல்றதுக்கு என்ன? அவுங்களை வாழைக்காயத் திங்கவச்சிட்டியேடா!”

அடுத்த வீட்டுச் சட்டி சுவரைத் தாண்டி வந்தது. சாப்பிட்டதும் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்புக் கேட்டார்கள். உம்மா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். கெல்சாங் அதில் ஒரு உருண்டை வெண்ணெய் போட்டுக் கலக்கச் சொன்னார். தம்தின் பால்தான் ஊற்ற வேண்டும், வெண்ணெய் போட்டால் அது தேநீரே இல்லை என்றார். இரண்டு நாள் பழக்கத்தில் அவர்களுக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான்.

அந்தச் சண்டையும் முழுக்கப் பேச்சில் நடக்கவில்லை. தம்தினும் திபெத்தியம் படித்தவர், எழுத்தில் இருவருக்கும் ஒரே மொழிதான். ஆனால் மங்கோலிய உச்சரிப்பு கெல்சாங்குக்குப் பிடிபடவில்லை. தம்தின் சொல்வது புரியாதபோது, மேசையில் சிந்திய நீரில் விரலால் எழுதிக் காட்டுவார். உடனே கெல்சாங் முகம் மலரும். தம்தின் என்பதே ஒரு திபெத்தியத் தெய்வத்தின் பெயர். தன் சித்தப்பாவுக்கும் அதே பெயர்தான் என்று கெல்சாங் கண்டுபிடித்தது அப்படித்தான்.

“அவரே செவப்பாத்தானே இருக்காரு”

கொடிக்கம்பத்துக்கு வருகிறேன்.

அந்த ஊரில் அறுவடைக்கூலி தகராறு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எழுபதுகளில் பாதி ஊர்களில் அதே கதைதான். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணையார் மசியவில்லை. மாநிலத்தில் ஆட்சி மாறியபோது அவருடைய வேட்டிக் கரையும் மாறியிருந்தது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

நாங்கள் பார்க்க வந்த புத்தர் சிலை, தொழிலாளர் குடியிருப்புக்கும் பண்ணை வயலுக்கும் நடுவே, வண்டிப்பாதை பிரியும் இடத்தில் ஒரு புங்க மரத்தடியில் இருந்தது. கூரை கிடையாது. உட்கார்ந்த கோலம். தலையில் தீச்சுடர் போல் ஒரு கொண்டை. ஊரில் அதற்கு ரிஷிசாமி என்று பெயர். வியாழக்கிழமை விளக்கு வைப்பார்கள். மற்ற நாளில் மாடுகள் முதுகு சொறிந்துகொள்ளும்.

அன்று அந்த மரத்தடியில் பெண்கள் ஏராளமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப்போவதாகப் பண்ணையில் பேச்சு. வயலுக்குப் போகும் ஒரே பாதையில் அவர்கள் மறித்து உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறொரு நாள் வந்திருப்பேன்.

சங்கச் செயலாளர் கோவிந்தசாமி காருக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். முழங்கை வரை சுருட்டிய வெள்ளைச் சட்டை.

“வாங்க பாய். கடுதாசி போட்டிருந்தீங்களே. இவருதான் மங்கோலியாத் தோழரா?”

சோஷலிச நாட்டுக்காரர் தம் ஊருக்கு வந்ததில் அவருக்குப் பெருமை. தம்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு காருக்குள் குனிந்து பார்த்தார்.

“அவரு ஏன் உள்ளயே இருக்காரு?”

“கொடிக்குக் கீழ வரமாட்டேங்கறார்.”

“ஏன்?”

நான் சுருக்கமாகச் சொன்னேன். கோவிந்தசாமி கெல்சாங்கின் துவராடையை மேலும் கீழும் பார்த்தார். “என்ன பாய் இது? நம்ம கொடியவிட அவரே செவப்பாத்தானே இருக்காரு!”

அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

மரத்தடியில்

தம்தின் முன்னால் நடந்தார். டெல்லி மாநாட்டில் அவர் படித்த கட்டுரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. தம் நாட்டில் மதம் என்பது இப்போது அருங்காட்சியகத்தில் உள்ள விஷயம் என்று தொடங்கிய கட்டுரை அது. கழுத்தில் கேமராவும் கையில் அளவு நாடாவுமாகத்தான் மரத்தடிக்குப் போனார்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சிலையின் முன் நின்றார். நாடாவைத் தரையில் வைத்தார். கோட்டைக் கழற்றினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார்.

எழுந்தார். மறுபடி விழுந்தார். எழுந்தபோது நெற்றியில் மண். முகம் நனைந்திருந்தது.

காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கெல்சாங் கொடிக்கம்பத்தைப் பார்க்காமல், அதைத் தாண்டி வேகமாக வந்துகொண்டிருந்தார்.

தம்தின் பக்கத்தில் நின்று அவர் சரணம் சொல்லத் தொடங்கினார். தம்தின் சேர்ந்துகொண்டார். பேசும்போது ஒருவருக்கொருவர் புரியாத இரண்டு பேரும் ஓதும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. உச்சரிப்பு வேறு, ராகம் கொஞ்சம் வேறு, மூச்சு விடும் இடம் ஒன்று. வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் நான் படித்ததை அன்றுதான் காதால் கேட்டேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் அஞ்சலை. நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கொண்டுபோகிறவர். அவர் என் வேட்டியைத் தொட்டுக் கேட்டார்:

“என்ன பாய் சொல்றாங்க?”

“குருவைச் சரணடையறேன், புத்தரைச் சரணடையறேன், தர்மத்தைச் சரணடையறேன், சங்கத்தைச் சரணடையறேன்னு.”

“சங்கத்தையா?” அஞ்சலை பின்னால் திரும்பினார். “ஏ, சங்கத்ததான் கும்புடுறாங்களாம்டி!”

பெண்கள் சிரித்தார்கள். தம்தினும் கெல்சாங்கும் சிலையை வலம் வரத் தொடங்கினார்கள்.

லாரி வந்தது

முதலில் போலீஸ் வண்டி. பின்னால் வெளியூர் ஆட்களோடு ஒரு லாரி. ஆட்கள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தான். முகத்தில் பயம் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். காவலர்கள் லத்தியோடு வரிசை போட்டார்கள். சிரிப்பு நின்றுபோயிற்று. அஞ்சலை பக்கத்துப் பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டார். அவள் அடுத்தவள் கையை.

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். “நீங்க யாரு?”

சொன்னேன்.

“வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிட்டு வர்ற எடமா இது? அஞ்சு நிமிஷம் தர்றேன். ஏத்திட்டுப் போயிடுங்க.”

நான் தம்தினிடம் ஓடினேன். போலீஸ் நம்மைப் போகச் சொல்கிறது, உடனே கிளம்ப வேண்டும் என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை. லாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நாம் போனால் இந்தப் பெண்களை என்ன செய்வார்கள்?”

“அப்புறப்படுத்துவார்கள்.”

“எனக்கு வலம் இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள்.”

“எப்போது முடியும்?”

“முடியும்போது.”

கெல்சாங்குக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் லாரியும் லத்தியும் எந்த மொழியிலும் புரியும். அவர் நடையை இன்னும் மெதுவாக்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. கணக்குத் தெரிந்த மனிதர். தூதரகம், டெல்லி, விசாரணை என்று அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. வயர்லெஸ்ஸில் பேசினார். காத்திருக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டி நிழலில் போய் உட்கார்ந்தார்.

பண்ணையார் வந்தார். “சார், அது எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்க பூசை பண்ற ரிஷிசாமி. கண்டவங்க சுத்தக்கூடாது” என்றார்.

அஞ்சலை உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: “அப்ப நீங்களும் வந்து சேந்து சுத்துங்களேன் ஆண்டே, வேணாங்கலையே!”

‘ஆண்டே’ என்ற சொல்லில் வழக்கமான பணிவு இல்லை. பண்ணையாருக்கும் அது கேட்டது. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

உச்சி வெயில் போய், நிழல் கிழக்கே நீளும் வரை இருவரும் சுற்றினார்கள். நடுவில் யாரோ நீராகாரம் கொடுத்தார்கள். உப்புப் போட்டிருந்தது. தம்தின் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார். லாரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில், வந்த வழியே நடந்து போனார்கள். காலி லாரி திரும்பிப் போயிற்று. அதன் பின்னால் போலீஸ் வண்டியும்.

காரில்

இருட்டும் நேரத்தில் தஞ்சாவூருக்குத் திரும்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது தம்தினாகவே தொடங்கினார்.

சிறு பையனாக இருந்தபோது அவரை ஒரு மடத்தில் விட்டிருந்தார்கள். ஓதியது எல்லாம் அங்கே மனப்பாடம் செய்தது. ஒருநாள் சிப்பாய்கள் லாரியில் வந்தார்கள். பெரிய துறவிகளை ஏற்றிக்கொண்டார்கள். சிறுவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

“நான் போனேன். திரும்பிப் பார்த்தபோது மடம் எரிந்துகொண்டிருந்தது. ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.”

கேட் திறந்தது. டிரைவர் வண்டியை எடுத்தார்.

“இன்று நான் செய்தது எங்கள் ஊருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதற்கு மேலும் ஏதாவது நடக்கலாம்” என்றார் தம்தின். குரல் அமைதியாக இருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு கெல்சாங் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தஞ்சாவூர் வரும் வரை விடவில்லை.

மறுநாள் கோவிந்தசாமியின் கட்சி நாளிதழில் செய்தி வந்துவிட்டது. சாமி கும்பிட்டதை எழுதியிருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடினேன். சோஷலிச மங்கோலியாவிலிருந்து வந்த தோழர் தம்தின், போராடும் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக அவர்களோடு நாள் முழுவதும் மறியலில் கலந்துகொண்டார் என்று போட்டிருந்தது. சாமி கும்பிட்டது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கெல்சாங்கை “உடன் வந்த இன்னொரு தோழர்” என்று எழுதியிருந்தார்கள்.

தம்தின் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். தூதரகத்தில் அவரைப் பாராட்டினார்களாம். கெல்சாங்கின் மடத்தில் விஷயம் தெரிந்து, பல மாதங்கள் அவரைத் தோழர் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். தம்தினுக்கு வேலை போகவில்லை, வயது வந்து ஓய்வு பெற்றார். அவர் நாட்டில் மடங்கள் மறுபடி திறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார்.

ஊரில், சில நாளில் தாசில்தார் முன்னிலையில் பேச்சு நடந்தது. கேட்ட அளவு கிடைக்கவில்லை. முன்பைவிடக் கூலி உயர்ந்தது. வயல் அறுபட்டது. வெளிநாட்டாரை வைத்துக் கலகம் செய்ததாக என் மேல் ஒரு மனு போயிற்று. கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

கோவிந்தசாமி கேட்டது

அறுவடை முடிந்து கோவிந்தசாமி தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

“பாய், ஒண்ணு கேக்கணும். அந்தத் தோழர் ஏன் அழுதாரு?”

“செய்தி அனுப்பினது நீங்கதானே. அப்படி எழுதினது ஏன்னு நீங்க முதல்ல சொல்லுங்க.”

“அவரு விழுந்து கும்புடறப்பவே அவருக்கு இது ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க கட்சியில எனக்கே பிள்ளையார் கோவில் பக்கம் போனா வெளக்கம் கேப்பாங்க. ஆனா அந்த அழுகை எனக்கு வெளங்கல. சோஷலிச நாட்டுல ஒரு ஆளு எதுக்கு அப்படி அழணும்?”

சொன்னேன். மடம், லாரி, நெருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நான் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். அது ஒரு மடத்தின் கதை அல்ல என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பொய் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அடுத்த வாரம் எங்க கிளையில வகுப்பு இருக்கு. நீங்களே வந்து இதச் சொல்லுங்க.”

“உங்களுக்குச் சிக்கல் வராதா?”

“வரும். வாங்க.”

போனேன். பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடம். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். நான் பேசி முடித்தேன். ஒருவர் எழுந்து இதெல்லாம் முதலாளிப் பத்திரிகைகள் கட்டிவிட்டது என்றார். இன்னொருவர், அந்த மடங்கள் மட்டும் யோக்கியமா, ஆயிரக்கணக்கான ஆடுமாடு வைத்திருந்தார்களாமே என்றார். உண்மைதான் என்றேன். மடத்து மந்தையைக் கூலிக்கு மேய்த்த ஏழைகள் நிறைய இருந்தார்கள்.

பின்னாலிருந்து அஞ்சலை எழுந்தார்.

“மடத்த எரிச்ச பெறகு அந்த ஆடுமாடு என்னாச்சு பாய்? மேச்சவங்களுக்குக் கெடச்சுதா?”

“கொஞ்ச காலம் கிடைச்சுது. அப்புறம் எல்லாத்தையும் கூட்டுப்பண்ணையில சேர்த்துட்டாங்க.”

“கூட்டுப்பண்ணையில யாரு முடிவு பண்றது?”

“அதுக்கு ஒரு கமிட்டி உண்டு.”

“அந்தக் கமிட்டியில மேய்க்கிற பொம்பளைங்க இருந்தாங்களா?”

“பெரிய பொறுப்புல இருந்ததா நான் படிக்கலை.”

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த தங்கள் கிளைக் கமிட்டியைப் பார்த்தார். எல்லோரும் ஆண்கள். மறியலில் நாள் முழுவதும் கைகோத்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பின்னால் தரையில் இருந்தார்கள். யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. கடைசியாகக் கோவிந்தசாமியும் சிரித்தார்.

அந்த ஆண்டு கமிட்டித் தேர்தலில் அஞ்சலை நின்றார். அவரை எதிர்த்து நிற்க யாரும் முன்வரவில்லை.